ஊருக்குள் ராணுவம்: யார் அழைக்கலாம், எதுவரை போகலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்காவது கலவரம் மூண்டால் "ராணுவத்தை இறக்குங்கள்" என்ற குரல் உடனே எழுகிறது. எல்லையில் எதிரியோடு போரிடப் பயிற்சி பெற்ற படை சொந்த மக்கள் நடுவே வந்து நிற்கும்போது அதைக் கட்டும் சட்டம் எது என்று கேட்பவர்கள் குறைவு. இந்தியாவில் அந்தச் சட்டம் என்ன சொல்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதை இங்கே கேள்வி பதிலாகத் தருகிறேன்.

ஒரு மாநிலத்துக்குள் மத்திய அரசு தன் விருப்பப்படி ராணுவத்தை அனுப்பலாமா?

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணைப்படி பொது ஒழுங்கு மாநிலத்தின் பொறுப்பு. ஆனால் அதே வரியிலேயே ஒரு விலக்கு இருக்கிறது: குடிமை நிர்வாகத்துக்கு உதவியாக வரும் தரைப்படை, கடற்படை, விமானப்படை, ஒன்றியத்தின் பிற ஆயுதப் படைகள் மாநிலத்தின் கையில் இல்லை. 1976இல் 42ஆவது திருத்தம் மத்தியப் பட்டியலில் 2ஏ என்ற புதிய பதிவைச் சேர்த்து, இந்தப் படைகளை மாநிலத்துக்குள் நிறுத்தும் அதிகாரத்தை நாடாளுமன்றத்திடம் கொடுத்தது. உள்நாட்டுக் குழப்பத்திலிருந்து மாநிலங்களைக் காப்பது ஒன்றியத்தின் கடமை என்கிறது பிரிவு 355.

எனவே மாநிலம் கேட்காமல் அனுப்ப முடியாது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் சாசனம் பயன்படுத்தும் சொற்களைக் கவனியுங்கள்: "குடிமை நிர்வாகத்துக்கு உதவியாக". உதவிக்கு வருபவர் வீட்டுக்காரர் ஆகிவிட முடியாது. நீதிமன்றத் தீர்ப்புகள் பலவும் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன.

நடைமுறையில் பெரும்பாலும் மாநில அரசு கேட்டுத்தான் ராணுவம் வருகிறது. 1965 பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது அன்றைய சென்னை மாநிலத்திலும் ராணுவம் இறக்கப்பட்டது.

கலவரம் நடக்கும் இடத்தில் ராணுவத்தை அழைக்கும் அதிகாரம் யாருக்கு?

நடுவருக்கு. தீர்ப்பு எழுதும் நீதித்துறை நடுவரைச் சொல்லவில்லை. கலெக்டர், ஆர்டிஓ, தாசில்தார் போன்ற நிர்வாக நடுவர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 148 முதல் 151 வரையான பிரிவுகள் இதைப் பேசுகின்றன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இவை 129 முதல் 132 வரை இருந்தன.

ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சட்டவிரோதமாகக் கூடினால், கலைந்து போகும்படி முதலில் கட்டளையிட வேண்டும். கலையாவிட்டால் காவல் துறை கலைக்க வேண்டும். அதனாலும் முடியாமல், பொதுப் பாதுகாப்புக்கு அவசியம் என்ற நிலை வந்தால் மட்டுமே ராணுவம். பழைய சட்டத்தில் அந்த இடத்தில் இருக்கும் மூத்த நிர்வாக நடுவர் இந்த முடிவை எடுக்கலாம். புதிய சட்டம் அதைச் சற்று இறுக்கி, மாவட்ட நடுவர் அல்லது அவர் அதிகாரம் அளித்த நிர்வாக நடுவர் என்று ஆக்கியிருக்கிறது. நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். பொறுப்பு யாருடையது என்று பிறகு தேட வேண்டியதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. பொதுப் பாதுகாப்புக்குக் கண்கூடான ஆபத்து, எந்த நிர்வாக நடுவரையும் தொடர்புகொள்ள வழியில்லை என்றால், ராணுவ அதிகாரி தானாகவே கூட்டத்தைக் கலைக்கலாம். தொடர்பு கிடைத்த நொடியிலிருந்து அவர் நடுவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். கைபேசி எல்லோர் கையிலும் இருக்கும் காலத்தில் இந்த விதிவிலக்குக்கு இடம் மிகவும் சுருங்கிவிட்டது.

சிஆர்பிஎஃப் வந்தால் ராணுவம் வந்ததாகப் பொருளா?

இல்லை. சிஆர்பிஎஃப், எல்லைப் பாதுகாப்புப் படை, அதிவிரைவுப் படை எல்லாம் உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மத்திய ஆயுதக் காவல் படைகள். ராணுவம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. அசாம் ரைஃபிள்ஸ் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: நிர்வாகம் உள்துறையிடம், களத்தில் கட்டளை ராணுவத்திடம். சட்டக் கணக்கில் ஒரு குழப்பம் உண்டு. பின்னால் பேசப்போகும் ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம் ஒன்றியத்தின் பிற ஆயுதப் படைகளுக்கும் பொருந்தும்.

2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் உயிரிழந்தது காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில். அங்கே ராணுவம் வரவில்லை. ஆனாலும் சுடும் உத்தரவு துணை தாசில்தார்கள் பெயரில் பதிவானது என்ற செய்தி வந்தபோதுதான், நிர்வாக நடுவர் என்ற பொறுப்பு எவ்வளவு கனமானது என்று தமிழ்நாட்டில் பலர் முதன்முறையாக உணர்ந்தார்கள்.

வந்த ராணுவம் எவ்வளவு பலத்தைப் பயன்படுத்தலாம்?

கூட்டத்தைக் கலைக்கத் தேவையான மிகக் குறைந்த அளவு. உடலுக்கும் உடைமைக்கும் இயன்றவரை குறைவான சேதம். இது ராணுவம் தன் பெருந்தன்மையால் கடைப்பிடிப்பது என்று எண்ண வேண்டாம்; சட்டத்தின் வாசகமே இதுதான். எப்படிக் கலைப்பது என்பதை நடுவர் சொல்ல மாட்டார், அதை அதிகாரி தீர்மானிப்பார். ஆனால் அந்தத் தீர்மானம் இந்த அளவுகோலுக்குள் அடங்க வேண்டும்.

ராணுவத் தலைமையகம் தன் வீரர்களுக்குச் செய்ய வேண்டியவை, கூடாதவை என ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நடுவரின் கோரிக்கையை எழுத்தில் பெற வேண்டும். சுடும் முன் எச்சரிக்க வேண்டும். சுட நேர்ந்தால் தாழச் சுட வேண்டும். நோக்கம் நிறைவேறியதும் உடனே நிறுத்த வேண்டும். காயம்பட்டவரைக் கவனிக்க வேண்டும். யாரையும் சித்திரவதை செய்யக் கூடாது. மத, சாதிச் சார்பு கூடாது. சிவில் நிர்வாகத்தில் தலையிடக் கூடாது. அன்பளிப்பு வாங்கக் கூடாது.

ஒவ்வொரு வரியையும் 1919 ஏப்ரல் 13க்கு எதிரே வைத்துப் பாருங்கள். அன்று ஜாலியன்வாலா பாக்கில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டயர் எச்சரிக்கவில்லை. கூட்டம் கலைந்து ஓடிய பிறகும் நிறுத்தவில்லை. 1,650 ரவுண்டுகள் சுடப்பட்டன. காயம்பட்டவர்களை அப்படியே விட்டுவிட்டுப் படை திரும்பியது. அரசுக் கணக்கிலேயே 379 பேர் இறந்தார்கள். கூட்டத்தைக் கலைப்பதோடு பஞ்சாப் முழுவதற்கும் ஒரு பாடம் புகட்டுவதும் தன் நோக்கம் என்பதை அதை விசாரித்த ஹண்டர் குழு முன் டயர் மறைக்கவில்லை. கலைப்பதற்கு மட்டுமே பலம், தண்டிப்பதற்கு அல்ல என்ற கோடு இன்று நம் சட்டத்தில் இருக்கிறது. அதற்கு நாம் கொடுத்த விலை மிகப் பெரியது.

மேலதிகாரி சுடச் சொன்னால் சிப்பாய் சுட்டே ஆக வேண்டுமா?

1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் கீழ்ப்படியாமையைத் தண்டிக்கிறது. ஆனால் "சட்டபூர்வமான கட்டளை" என்று சொல்லித்தான் தண்டிக்கிறது. தண்டனைச் சட்டமும் இதையே காட்டுகிறது. சட்டத்தின் ஆணைகளுக்கு ஒத்த வகையில், மேலதிகாரி சொல்லி, கூட்டத்தின் மீது சுட்ட சிப்பாய் குற்றவாளி அல்ல என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 76ஆவது பிரிவு எடுத்துக்காட்டே கொடுத்தது. அதில் "சட்டத்துக்கு ஒத்த" என்ற நிபந்தனை நிறைவேறாவிட்டால் பாதுகாப்பும் இல்லை. களத்தில் இருபது வயது இளைஞர் இதை நொடியில் எடைபோட வேண்டும் என்று எதிர்பார்ப்பது கடினம்தான். அதனால்தான் கட்டளையிடும் அதிகாரியின் பொறுப்பு பெரிது.

ராணுவத்தை அழைக்காமல் இருப்பதும் தவறாகுமா?

ஆகும். வரம்பு என்றாலே படையைத் தள்ளி வைப்பது என்று எண்ணிவிடக் கூடாது. 1984 நவம்பரில் டெல்லியில் சீக்கியர்கள் வீடு வீடாகத் தேடிக் கொல்லப்பட்டபோது நகரத்துக்கு அருகிலேயே ராணுவம் இருந்தது. உரிய நேரத்தில் அது இறக்கப்படவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்தத் தாமதத்தைச் சுட்டிக்காட்டியது. முன்கூட்டியே இறக்கியிருந்தால் பெரும் எண்ணிக்கையில் உயிர்களைக் காத்திருக்கலாம் என்றது. அழைக்கும் அதிகாரம் ஆட்சியாளரிடம் இருக்கும்போது, அழைக்காமல் இருக்கும் அதிகாரமும் அவரிடமே இருக்கிறது. அதற்குத் தண்டனை சொல்லும் பிரிவைத் தேடினால் கிடைப்பது மிகக் குறைவு. இந்தச் சட்டங்களிலேயே எனக்கு மிகவும் வேதனை தரும் வெற்றிடம் இது.

வெள்ளம், புயல் காலத்தில் வருவதற்கும் இதே விதிகளா?

அப்போது பலப் பிரயோகம் இல்லாததால் சிக்கலும் இல்லை. மாவட்ட நிர்வாகமோ மாநில அரசோ கேட்கும், படை வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ராணுவமும் கடற்படையும் தேசியப் பேரிடர் மீட்புப் படையோடு படகுகளில் மக்களை மீட்டது பலருக்கு நினைவிருக்கும்.

ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம் இதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

இதுவரை சொன்ன ஏற்பாட்டில் நடுவர் முன்னே, படை பின்னே. இந்தச் சட்டம் அந்த வரிசையைக் கலைக்கிறது.

இதன் வேர், 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தை நசுக்க வைஸ்ராய் லின்லித்கோ காலத்தில் பிறந்த ஓர் அவசரச் சட்டம். 1958இல் நாகர் கிளர்ச்சியை எதிர்கொள்ள அன்றைய அசாம், மணிப்பூருக்கென நாடாளுமன்றம் அதே அச்சில் ஒரு சட்டம் இயற்றியது. 1983இல் பஞ்சாபுக்கு ஒன்று வந்து 1997இல் போனது. 1990இல் ஜம்மு காஷ்மீருக்கு ஒன்று வந்தது.

ஒரு பகுதியைப் 'பதற்றமான பகுதி' என்று ஆளுநரோ மத்திய அரசோ அறிவித்தால் போதும். 1972க்கு முன் மத்திய அரசுக்கு அந்த அதிகாரம் கிடையாது. மாநிலம்தான் அறிவிக்க முடியும். அறிவித்த பிறகு நான்காம் பிரிவு செயல்படும். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடத் தடை இருக்கும்போது கூடியவர் மீதும், தடையை மீறி ஆயுதம் வைத்திருப்பவர் மீதும், எச்சரித்துவிட்டு, உயிர் போகும் அளவுக்கும் சுடலாம். பிடிவாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழைந்து தேடலாம். பதுங்கிடம் என்று கருதுவதைத் தகர்க்கலாம்.

இதை யார் செய்யலாம்? வெள்ளைக்காரன் போட்ட 1942 அவசரச் சட்டத்தில் குறைந்தது கேப்டன் பதவி வேண்டும். சுதந்திர இந்தியா அதை ஆணையம் பெறாத அதிகாரி வரை, அதாவது நாயக், ஹவில்தார் நிலை வரை கீழே இறக்கியது. அந்நிய ஆட்சிகூடத் தயங்கிய இடத்தில் நம் நாடாளுமன்றம் தயங்கவில்லை என்பதை எத்தனை முறை படித்தாலும் மனம் ஏற்க மறுக்கிறது.

வடகிழக்கில் எல்லை மீறல் இந்தச் சட்டத்தோடும் நிற்கவில்லை. 1966 மார்ச்சில் மிசோ கிளர்ச்சியின்போது இந்திய விமானப்படை ஐஸ்வால் நகரத்தின் மீது குண்டு வீசியது. 'மிகக் குறைந்த பலம்' என்ற சொல்லை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதற்குள் இது அடங்காது.

உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டதா?

ஏற்றது, கடிவாளம் போட்டு. நாகா மக்கள் மனித உரிமை இயக்கம் தொடுத்த வழக்கில் 1997 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சட்டம் செல்லும் என்றது. படை சிவில் நிர்வாகத்தை ஓரங்கட்டிவிட்டு அதன் இடத்தில் உட்கார முடியாது என்றும் சொன்னது. பதற்றப் பகுதி அறிவிப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறு ஆய்வு செய்ய வேண்டும். பிடித்தவரைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். மேலே சொன்ன ராணுவப் பட்டியல் வெறும் அறிவுரை அல்ல, வீரர்களைக் கட்டுப்படுத்தும்.

ஆறு மாத மறு ஆய்வு என்பது எப்படி நடக்கிறது? பல இடங்களில் பல்லாண்டுகளாக அறிவிப்பு அப்படியே நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. தற்காலிகம் என்று சொல்லி அரை நூற்றாண்டு கடத்தப்பட்டதை மறு ஆய்வு என்று என்னால் அழைக்க முடியவில்லை.

வரம்பு மீறிய வீரர் மீது வழக்குப் போட முடியுமா?

போடலாம். ஆனால் நகராது. சட்டத்தின் ஆறாவது பிரிவு, மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்கு நடத்த முடியாது என்கிறது.

2000 மார்ச்சில் காஷ்மீரின் பத்ரிபலில் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டு, அந்நிய பயங்கரவாதிகள் என்று அறிவிக்கப்பட்டார்கள். அவர்கள் உள்ளூர்க்காரர்கள் என்று பிறகு தெரிந்தது. சிபிஐ 2006இல் ராணுவத்தினர் ஐவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. 2012இல் உச்ச நீதிமன்றம், அனுமதி தேவை என்றும், ராணுவம் விரும்பினால் தன் நீதிமன்றத்திலேயே விசாரிக்கலாம் என்றும் கூறியது. ராணுவம் வழக்கை எடுத்துக்கொண்டு 2014 ஜனவரியில் ஆதாரம் இல்லை என்று முடித்துவிட்டது.

2021 டிசம்பர் 4. நாகாலாந்தின் மோன் மாவட்டம், ஓட்டிங். நிலக்கரிச் சுரங்க வேலை முடிந்து பிக்கப் வண்டியில் வீடு திரும்பியவர்களைத் தீவிரவாதிகள் என்று கருதி ராணுவச் சிறப்புப் படை சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்த கொந்தளிப்பில் மேலும் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள், ஒரு வீரரும் இறந்தார். மாநிலக் காவல் துறையின் சிறப்புப் புலனாய்வுக் குழு ஒரு மேஜர் உள்பட 30 பேர் மீது குற்றப்பத்திரிகை தயாரித்தது. மத்திய அரசு அனுமதி மறுத்தது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்து வைத்தது. என்றாவது அனுமதி கிடைத்தால் தொடரலாம் என்ற ஒரு வரியோடு.

2018 ஜனவரியில் மாநிலங்களவையில் அரசே கொடுத்த பதில்: ஜம்மு காஷ்மீரிலிருந்து அனுமதி கேட்டு வந்தவை 50. மறுக்கப்பட்டவை 47. நிலுவையில் 3.

சாதாரண அரசு ஊழியர் மீதான அனுமதிக் கோரிக்கைக்கு 120 நாளில் முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்று புதிய நடைமுறைச் சட்டம் ஏற்பாடு செய்திருக்கிறது. சிறப்பு அதிகாரச் சட்டத்தின் ஆறாவது பிரிவில் அப்படி ஒரு கெடுவே இல்லை. முழுச் சட்டத்தையும் நீக்குவது பற்றி விவாதம் எத்தனை காலம் வேண்டுமானாலும் நடக்கட்டும். இந்தக் கெடுவை நாளைக்கே கொண்டுவரலாம். எந்தப் படையின் கையும் அதனால் கட்டப்படாது.

அப்படியானால் 2016 மணிப்பூர்த் தீர்ப்பால் பயனில்லையா?

இருக்கிறது. 1979 முதல் 2012 வரை 1,528 பேர் போலி மோதல்களில் கொல்லப்பட்டதாக, உயிரிழந்தோர் குடும்பத்தினரின் சங்கம் வழக்குத் தொடுத்தது. நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையிலான குழு மாதிரிக்கு எடுத்த ஆறு நிகழ்வுகளை ஆராய்ந்து, ஆறுமே உண்மையான மோதல் அல்ல என்றது. 2016 ஜூலை 8 அன்று நீதிபதிகள் மதன் லோகூர், லலித் அமர்வு தீர்ப்பளித்தது: தடை உத்தரவை மீறி ஆயுதம் வைத்திருந்தார் என்பதாலேயே ஒருவர் எதிரி ஆகிவிட மாட்டார், படையினருக்கு முழு விலக்கு என்று ஒன்று கிடையாது, அளவுக்கு மீறிய பலம் பற்றிய குற்றச்சாட்டு வந்தால் விசாரித்தே ஆக வேண்டும். அடுத்த ஆண்டு சிபிஐ சிறப்புக் குழு அமைக்க உத்தரவிட்டது. விசாரணைக் கதவை அது திறந்தது. வழக்குக் கதவின் சாவி இன்னும் டெல்லியில்தான் இருக்கிறது.

ராணுவத்தின் தரப்பில் நியாயமே இல்லையா?

உண்டு. பதுங்கித் தாக்கும் குழுக்களுக்கு எதிரே, நடுவர் எங்கும் இல்லாத மலைக்காட்டில், ஒவ்வொரு முறையும் எழுத்து ஆணைக்குக் காத்திருக்க முடியாது. தோற்றவர்கள் பொய் வழக்குகளால் வீரரை இழுத்தடிக்கக் கூடும். அரசியல் தீர்வு காணாமல் ஆட்சியாளர்கள் தள்ளிப்போட்ட சிக்கலைச் சுமப்பதும் அந்த வீரர்தான். இவற்றுக்கெல்லாம் பாதுகாப்பு வேண்டும். ஆனால் நல்லெண்ணத்தோடு செயல்பட்டேன் என்பதை நீதிமன்றத்தில் நிறுவுவது வேறு, நீதிமன்றத்துக்கே வராமல் இருப்பது வேறு. 2013இல் பாலியல் குற்றச் சட்டங்களை ஆராய்ந்த நீதிபதி வர்மா குழு மிகத் தெளிவாகச் சொன்னது: சீருடையில் இருப்பவர் செய்த பாலியல் வன்முறைக்கு முன் அனுமதி என்ற பேச்சே இருக்கக் கூடாது. அந்தப் பரிந்துரை இன்றுவரை சட்டமாகவில்லை.

இந்தியாவில் ராணுவ ஆட்சி அறிவிக்க முடியுமா?

அப்படி அறிவிக்கும் பிரிவு சாசனத்தில் இல்லை. பிரிவு 34 மட்டும் படைச் சட்டம் (ராணுவ ஆட்சி) நடப்பில் இருந்த பகுதியில் செய்தவற்றுக்கு நாடாளுமன்றம் பிறகு பாதுகாப்பு அளிக்கலாம் என்று போகிறபோக்கில் சொல்கிறது. நெருக்கடி நிலைகூட ராணுவ ஆட்சி அல்ல. 1978இல் 44ஆவது திருத்தம், 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணத்தை நீக்கி 'ஆயுதக் கிளர்ச்சி' என்று மாற்றியதால் அந்தக் கதவும் குறுகியது.

பிற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் 1878ஆம் ஆண்டின் போஸ்ஸி கமிட்டேட்டஸ் சட்டம், உள்நாட்டுச் சட்டத்தை அமலாக்க ராணுவத்தைப் பயன்படுத்துவதையே குற்றமாக்கியது. 1807ஆம் ஆண்டின் கிளர்ச்சிச் சட்டம் அதற்குப் பெரிய விதிவிலக்கு. 2025இல் லாஸ் ஏஞ்சலிஸில் படைகளை நிறுத்தியது 1878 சட்டத்தை மீறியது என்று கூட்டாட்சி நீதிபதி ஒருவர் தீர்ப்பளிக்க, அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. இந்தியாவில் அப்படியொரு குற்றப்பிரிவு இல்லை.

இலங்கையில் 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி ஜனாதிபதி வர்த்தமானி அறிவித்தல் மூலம் படையினரை அழைக்கலாம். மாதாமாதம் புதுப்பித்துப் புதுப்பித்து அது வழக்கமாகிப் போனது. 2013 ஆகஸ்டில் வெலிவேரியவில் சுத்தமான குடிநீர் கேட்டுக் கூடியவர்கள் மீது இராணுவம் சுட்டது.

ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம் இப்போது எங்கெல்லாம் இருக்கிறது?

திரிபுராவில் 2015இலும் மேகாலயாவில் 2018இலும் முழுதாக விலக்கப்பட்டது. அசாம், நாகாலாந்து, மணிப்பூரில் 2022 ஏப்ரலில் பெருமளவு குறைக்கப்பட்டது. ஆனால் திரும்பவும் வரும்: மணிப்பூரில் 2024 நவம்பரில் ஜிரிபாம் உள்பட ஆறு காவல் நிலையப் பகுதிகளில் மீண்டும் விதிக்கப்பட்டது. 2004இல் இம்பாலில் இளம்பெண் ஒருவர் அசாம் ரைஃபிள்ஸ் காவலில் எடுக்கப்பட்டுப் பிணமாகக் கிடைத்த பிறகு, காங்லா கோட்டை வாசலில் தாய்மார்கள் ஆடை களைந்து நின்று போராடினார்கள். அதன் விளைவாக அமைக்கப்பட்ட ஜீவன் ரெட்டி குழு 2005இல் சட்டத்தை நீக்கச் சொன்னது. 2000 நவம்பரில் மாலோம் பேருந்து நிறுத்தத்தில் 10 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து உண்ணாவிரதம் தொடங்கிய இரோம் ஷர்மிளா, 2016 ஆகஸ்டில்தான் அதை முடித்தார். சட்டம் நீக்கப்படவில்லை.

படையினர் ஒருவரைப் பிடித்துப் போனால் குடும்பம் என்ன செய்வது?

படைக்குக் கைது செய்யும் அதிகாரம் உண்டு. காவலில் வைத்துக்கொள்ளும் அதிகாரம் கிடையாது. கூடிய விரைவில் அருகிலுள்ள காவல் நிலையத்தில், கைதுக்கான சூழ்நிலையை விளக்கும் அறிக்கையோடு ஒப்படைக்க வேண்டும். எனவே முதலில் அந்தக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ஏற்புச் சீட்டு வாங்குங்கள். பிடித்த இடம், நேரம், வண்டி, படைப்பிரிவின் பெயர், பார்த்தவர்கள் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். 24 மணி நேரம் கடந்தும் நடுவர் முன் நிறுத்தாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். அதற்கு யாருடைய முன் அனுமதியும் வேண்டாம். பெண்களைப் பெண் காவலர் மட்டுமே சோதிக்க வேண்டும் என்பது ராணுவத்தின் சொந்த விதி.

தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம். ஆனால் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, ஆயுதப் படைகள் மீதான புகாரில் ஆணையம் நேரடியாக விசாரிக்க முடியாது. மத்திய அரசிடம் அறிக்கை கேட்டுப் பரிந்துரை செய்யத்தான் முடியும். ஆகவே அதை மட்டும் நம்பியிராமல் உயர் நீதிமன்றத்துக்கு முதலில் போங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்.